சின்ன வண்டிக்குத் தனி வழி

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகம்தானே? பட்டறைச் சத்தத்தில் அண்ணிக்கு வரும் தலைவலி இப்போது எப்படி இருக்கிறது? வீட்டுக்குப் பின்னாலேயே லேத்தைப் போட்டுக்கொண்டு மனைவிக்குத் தைலம் வாங்கித் தரும் ஆள் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான். இங்கே நான் நலம். உன் மாப்பிள்ளையின் முழங்கால்தான் நலமில்லை. முதல் மாடி ஏற அவர் விடும் பெருமூச்சைக் கேட்டால் மலையேறுகிறார் என்று நினைப்பாய்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்காதே. போனில் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வருகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர், கட்டில், சாப்பாட்டு வண்டி எல்லாவற்றுக்கும் சக்கரம் ஒரே கம்பெனியிடம்தான் வாங்கிவந்தோம். போன மழையில் அவர்கள் கிடங்கில் வெள்ளம் புகுந்தது. தேய்ந்ததை மாற்றப் பதினோரு நாள் சக்கரம் வரவில்லை. ஆபரேஷன் முடிந்தவர்களை நாலு பேர் கையில் தூக்கிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு நிர்வாகத்துக்கு ஞானோதயம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கக் கூடாது, சின்னப் பட்டறைகள், பெண்கள் நடத்தும் தொழில்கள், உடல் ஊனமுள்ளவர்கள் வேலை செய்யும் இடங்கள் எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. கொள்முதல் பிரிவில் அந்தப் பொறுப்பு என் தலையில்.

விளம்பரம் கொடுத்து இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. எங்கள் மேலதிகாரி, ரப்பர் முத்திரை இல்லாமல் மூச்சுகூட விடாதவர், நாங்கள் முத்திரை சார் என்று கூப்பிடுகிறவர், சந்தோஷமாக இருக்கிறார். "பார்த்தியாம்மா? அவங்களுக்கே ஆர்வம் இல்ல" என்கிறார். ஜூலைக்குள் ஒருவரும் வராவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

நீ சக்கரம் செய்கிறவன். ஏன் யாரும் வரவில்லை என்று உனக்குத் தெரியும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டு.

உன் தங்கை

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

கடிதமும் படிவமும் வந்தன. கடிதத்தை ஒரே மூச்சில் படித்தேன். படிவத்தைப் படிக்க நாலு நாள் ஆயிற்று. இருபத்திரண்டு பக்கம்! கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதுகூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்.

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். ஒரே தடவையில் ஐயாயிரம் சக்கரம் தர வேண்டும் என்கிறாய். சின்னப் பட்டறையில் அதை அடுக்கிவைக்க இடம் ஏது? இதே அளவு ஆஸ்பத்திரிக்கு மூன்று வருஷம் சரக்குக் கொடுத்த அனுபவம் வேண்டும் என்கிறாய். உள்ளே விட்டால்தானே அனுபவம் வரும்? எட்டாம் பக்கத்தில் எத்தனை மெஷின் என்று கேட்கிறாய். அதைக் கேட்காதே. மாதம் எத்தனை சக்கரத்தை நன்றாகச் செய்து தர முடியும் என்று கேள். மூன்று மெஷினை வைத்துக்கொண்டு குப்பை செய்கிறவனும் உண்டு.

இன்னொன்று. உங்கள் ஆஸ்பத்திரியில் சரக்கு இறக்கும் இடத்தை எப்போதாவது பார்த்திருக்கிறாயா? காகிதத்தை விட்டுவிட்டு ஒரு நாள் காலையில் அங்கே போய் நில்.

இங்கே பட்டறை ஓடுகிறது. நாங்கள் சக்கரம் கொடுக்கும் தள்ளுவண்டிக் கம்பெனியில் புது மேனேஜர் வந்திருக்கிறார். இனிமேல் வெளிநாட்டுச் சக்கரம் வாங்குவார்களாம். பேச்சுதான். நம் பட்டறையின் சக்கர வைத்தியர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். மாப்பிள்ளையை லிஃப்ட் உள்ள வீடாகப் பார்க்கச் சொல்.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம் என்ற சேதியோடு தொடங்குகிறேன். வைத்தியருக்கு என் வணக்கம். காது கேட்காத ஒருவர் ஓடும் சக்கரத்தின் அச்சில் இரண்டு விரலை வைத்து, நாடி பார்ப்பதுபோல் பார்த்து, "இது கத்தும்" என்று சைகையில் சொல்வாரே, அதை இங்கே சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நீ சொன்னபடி போய் நின்றேன். பன்னிரண்டு வருஷமாக இதே கட்டடத்தில் வேலை செய்கிறேன், பின்வாசல் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மேடை என் தோள் உயரம், அண்ணா. லாரியின் பின்கதவு அதோடு கச்சிதமாக வந்து ஒட்டுகிறது. ஒருவர் சின்ன வேனில் துடைப்பமும் பினாயிலும் கொண்டுவந்தார். கீழே நின்றுகொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தலைக்கு மேலே தூக்கி வைத்தார். ஐந்தாவது பெட்டியில் காவலாளி, "யோவ், லாரி வருது, எடு எடு" என்று விரட்டினார். அவர் மறுபேச்சுப் பேசாமல் இறக்கியதை மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் யாரிடம் வாங்குவது என்று மாடியில் உட்கார்ந்து கூட்டம் போடுகிறோம். கீழே ஒரு சிமென்ட் மேடை அதை என்றைக்கோ முடிவு செய்துவிட்டது.

முத்திரை சாரிடம் மல்லுக்கட்டி, மேடையின் ஓரத்தில் ஒரு சரிவுப் பாதை கட்ட ஒப்புதல் வாங்கிவிட்டேன். சின்ன வண்டிகளுக்கு மட்டும். ஐயாயிரத்தை முந்நூறாகக் குறைத்தாயிற்று. மெஷின் கேள்வியை அடித்துவிட்டு உன் வாக்கியத்தை அப்படியே போட்டிருக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். நீயே விண்ணப்பம் போடேன்! இது ஏன் எனக்கு முதலிலேயே தோன்றவில்லை? வைத்தியர் தொட்டுப் பார்த்த சக்கரம் எங்கள் ஸ்ட்ரெச்சரில் ஓடினால் நான் எவ்வளவு பெருமைப்படுவேன்! உடனே பதில் போடு.

உன் தங்கை

ஏப்ரல் 29

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம்தான், கோபிக்காதே. கொஞ்சம் அலைச்சல். நாங்கள் நலம். அண்ணிக்குத் தலைவலி சுத்தமாக நின்றுவிட்டது. மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

சரிவுப் பாதை கட்டுகிற செய்தி படித்து வைத்தியரிடம் சைகையில் சொன்னேன். அவர் உனக்கு ஒரு சலாம் வைத்தார். அனுப்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

சாம்பிளை எப்படிச் சோதிப்பீர்கள் என்று படிவத்தில் தேடினேன். ஏழு சான்றிதழ் கேட்டிருக்கிறாய். சான்றிதழ் வாங்க அலைகிற நேரத்தில் சின்னப் பட்டறைக்காரன் தொழிலையே விட்டுவிடுவான். என்னைக் கேட்டால், சக்கரத்தை ஒரு ஸ்ட்ரெச்சரில் மாட்டு. மேலே விளிம்புவரை தண்ணீர் உள்ள டம்ளரை வை. வராந்தாவில் தள்ளிக்கொண்டு போய் லிஃப்டுக்குள் ஏற்று. வழவழப்பான தரையில் எல்லாச் சக்கரமும் நல்ல பிள்ளையாகத்தான் ஓடும். லிஃப்ட் வாசல் இடுக்கில்தான் சாயம் வெளுக்கும். ஆபரேஷன் முடிந்த உடம்புக்கு அந்த ஒரு குலுக்கல் போதும், உயிர் போய்விடும்போல் வலிக்கும். நம் அப்பாவைக் கடைசியாகக் கொண்டுபோன வண்டி உனக்கு ஞாபகம் இருக்கும்.

நீ கேட்ட இன்னொன்றுக்குப் பதில்: பதினேழாம் பக்கத்தை மறுபடி படி.

அண்ணி தானும் ஒரு வரி எழுத வேண்டும் என்றாள். பேனாவைக் கொடுக்கவில்லை.

அண்ணன்

மே 9

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை. பதினேழாம் பக்கத்தைப் படித்தேன். "எங்கள் ஊழியர்களின் உறவினர் எவரும் சரக்குக் கொடுக்க முடியாது." அதை எழுதியதே நான்தான். ஆறு வருஷத்துக்கு முன் ஒருவர் தன் மைத்துனருக்கே எல்லா ஆர்டரையும் திருப்பிவிட்டு மாட்டிக்கொண்டபோது, "நான் எழுதுறேன் சார், ஓட்டையே இல்லாம எழுதுறேன்" என்று வீராப்பாக உட்கார்ந்து எழுதினேன். எழுதினவளே மறந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறேன், என்ன சொல்ல!

நீ பிப்ரவரியிலேயே அந்தப் பக்கத்தைப் படித்திருப்பாய். உனக்கு இதில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துமா எனக்கு இவ்வளவு யோசனை சொன்னாய்?

நான் ஒன்று நினைத்திருக்கிறேன். அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி முத்திரை சாரிடம் கேட்கலாம். இல்லையென்றால் நான் மருந்துப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுக்கொள்கிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் தங்கை

மே 13

தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல் எல்லாம் அப்புறம்.

அந்தப் பக்கத்தில் கை வைக்காதே. இருபத்திரண்டு பக்கத்தில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான். நீ அதைத் தளர்த்தினால் நாளைக்கு மைத்துனர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். சின்னவர்களுக்காக நீ திறந்த கதவு அதோடு சரி. "அண்ணனுக்காகத்தான் இத்தனை ஆட்டம் போட்டாளா?" என்று நாலு பேர் கேட்பார்கள். அந்தப் பேச்சு உனக்கு வர நான் காரணமாக இருக்க மாட்டேன்.

மாற்றலும் கேட்காதே. நீ போய்விட்டால் அந்தச் சரிவுப் பாதை சிமென்ட் காய்வதற்குள் முத்திரை சார் அங்கே பூந்தொட்டி வைத்துவிடுவார்.

எனக்கு வேலைக்குக் குறைவில்லை. கவலைப்படாதே.

அண்ணன்

ஜூலை 2

என் அன்பு அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை சடங்குக்காகக் கேட்கவில்லை. உண்மையைச் சொல்.

முதலில் நல்ல செய்தி. நேற்று சோதனை. படிவம் இப்போது ஐந்து பக்கம்தான். ஒன்பது பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள், பழைய கம்பெனியையும் சேர்த்து மூன்று பேர் சாம்பிளோடு வந்தார்கள். தண்ணீர் டம்ளர் யோசனையைச் சொன்னபோது முத்திரை சார் சிரித்தார். "என்னம்மா, வித்தை காட்டுறியா?" என்றார். "நீங்களே ஸ்ட்ரெச்சர்ல படுங்க சார், டம்ளரை உங்க வயித்து மேலேயே வைக்கிறோம்" என்றேன். வார்டே கூடிவிட்டது, அவரால் பின்வாங்க முடியவில்லை.

முதலில் பழைய பெரிய கம்பெனிச் சக்கரம். வராந்தாவில் ராஜா மாதிரி போனார். லிஃப்ட் வாசலில் ஒரு குலுக்கல், டம்ளர் முழுக்கச் சட்டையில். எழுந்திருக்கப் பார்த்தார், நர்ஸ் விடவில்லை. இரண்டாவதாக ஒரு பட்டறையின் சக்கரம், அதில் பாதித் தண்ணீர் போயிற்று. மூன்றாவது ஒரு பெண்மணி கொண்டுவந்தது. அவரும் இரண்டு தங்கைகளும் நடத்தும் பட்டறையாம். லிஃப்டுக்குள் ஏறி, இறங்கி, திரும்பி வந்தார். நாலு சொட்டுதான் சிந்தியது. முத்திரை சார் கூரையைப் பார்த்தபடியே, "போதும்மா, எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றார். பெரிய கம்பெனியையும் விட்டுவிடவில்லை, அவர்கள் வேறு சக்கரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனி பாதி அவர்களுக்கு, பாதி சின்னப் பட்டறைகளுக்கு. திட்டம் பிழைத்துவிட்டது.

அந்தப் பெண்மணியிடம், "எங்க விளம்பரத்தை எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டேன். "எங்க பழைய முதலாளி வீட்டுக்கே கொண்டாந்து கொடுத்தாரும்மா. அவர்கிட்டதான் பத்து வருஷம் லேத் கத்துக்கிட்டேன். சக்கரத்தை நாடி பாக்குற பெரியவரையும் எங்ககிட்ட அனுப்பி வெச்சிருக்கார். பாவம், முதலாளிக்கே ஜனவரியோட ஆர்டர் நின்னுபோச்சு. பட்டறை பூட்டிக் கிடக்கு" என்றார்.

நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜனவரி! நான் முதல் கடிதம் எழுதும்போதே உன் பட்டறை நின்றிருக்கிறது. "பட்டறை ஓடுகிறது", "பேச்சுதான்", "வேலைக்குக் குறைவில்லை". அண்ணிக்குத் தலைவலி ஏன் நின்றது என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஏன் சொல்லவில்லை?

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கோபமும் தீரவில்லை. இரண்டையும் சேர்த்து அனுப்புகிறேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 21

அன்புத் தங்கைக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உடம்பு இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

பட்டறை பூட்டித்தான் இருக்கிறது. சொல்லியிருந்தால் நீ அந்தப் பதினேழாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் மறு வேலை பார்த்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? மூன்று வயதில் என் பந்தைப் பிடுங்கியவனைக் கடித்தவள் நீ.

லேத்துக்காரம்மாவிடம் விளம்பரத்தைக் கொடுக்கும்போது எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் வழியில் ஒரு பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நல்ல சக்கரம் செய்யும் கை அது. சும்மா இருக்கக் கூடாது. வைத்தியர் விரலும் சும்மா இருக்கக் கூடாது. நாலு சொட்டு என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் ஏழெட்டுத் தடவை படித்தேன்.

லேத்தை விற்கலாமா என்று யோசனை. டிசம்பர்வரை பார்ப்பேன். நீ எதுவும் செய்யாதே. யாரிடமும் என்னைப் பற்றி வாயைத் திறக்காதே. சத்தியம் செய்து பதில் போடு.

அண்ணன்

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணா,

நலம் கேட்டு, நலம் சொல்லி எழுதுவது. உன் மாப்பிள்ளை முழங்காலுக்குத் தைலம் தடவுவதை விட்டுவிட்டு நடைப்பயிற்சிக்குப் போகிறார். அதாவது மூலைக் கடைவரை.

சத்தியம். யாரிடமும் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசவும் மாட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

போன வாரம் பல ஆஸ்பத்திரிகளின் கொள்முதல் அதிகாரிகள் கூடினார்கள். முத்திரை சார் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேடையேறி, தான் ஸ்ட்ரெச்சரில் படுத்த கதையைத் தன் யோசனை மாதிரியே சொன்னார். கைதட்டல் வந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நாலைந்து பேர் வந்து படிவத்தின் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். கேட்ட எல்லோருக்கும் கொடுத்தேன். சரிவுப் பாதையின் அளவையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

வேறொன்றும் இல்லை. லேத்தை விற்காதே என்று மட்டும் சொல்கிறேன். தங்கையாகச் சொல்கிறேன், அதிகாரியாக இல்லை.

உன் தங்கை

நவம்பர் 30

என் அன்புத் தங்கைக்கு,

சுகம். எழுதிவிட்டுப் பார்த்தால் இந்த வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் உண்மையாக இருக்கிறது.

போன மாதம் பட்டறைக்காரர் சங்கத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சக்கரம் வேண்டுமாம். படிவம் ஐந்தே பக்கம். வாங்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில், "மாதம் எத்தனை சக்கரத்தை நன்றாகச் செய்து தர முடியும்?" என்று இருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. நான் கேட்கச் சொன்ன கேள்வி, ஊர் சுற்றிவிட்டு என்னிடமே வந்து பதில் கேட்கிறது. வாய்க்கு வந்ததை எழுத முடியுமா? வைத்தியரிடம் கலந்து பேசி நூற்றைம்பது என்று எழுதினேன்.

சாம்பிளை ஒரு சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு நானும் வைத்தியரும் போனோம். பின்வாசலில் காவலாளி கையைக் காட்டினார். விரட்டத்தான் போகிறார் என்று வண்டியை நிறுத்தினேன். "இந்தப் பக்கம் வாங்க சார், சின்ன வண்டிக்குத் தனி வழி இருக்கு" என்றார். புது சிமென்ட். உன் தோள் உயரத்து மேடையை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தச் சரிவில் வண்டி ஏறும்போது நீ எங்கேயோ பக்கத்தில் நின்று கைகாட்டுவதுபோல் இருந்தது. வைத்தியர் என்னைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

டம்ளர் சோதனை முடிந்தது. இரண்டே சொட்டு. லேத்துக்காரம்மாவிடம் சொல்லிவிடாதே, வருத்தப்படுவாள். முந்நூறு சக்கரத்துக்கு ஆர்டர். வைத்தியர் வாரத்தில் மூன்று நாள் அவளிடம், மூன்று நாள் என்னிடம்.

படிவத்தின் கடைசிக் கேள்வி உன் பழைய பதினேழாம் பக்கம். "எங்கள் ஊழியர்களில் உங்களுக்கு உறவினர் யாராவது உண்டா?" இல்லை என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போனேன். மனசு கேட்கவில்லை. கீழே இன்னொரு வரி எழுதினேன்: "ஊழியர்களில் யாரும் இல்லை. இந்தப் படிவத்தை எழுதியவள் என் தங்கை." அந்த ஊர் அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதை எழுத இங்க கட்டமே இல்லையே சார்" என்றார். "தெரியும். எழுதினது இருக்கட்டும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

நன்றி என்று உனக்கு இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதிவிட்டேன். நிறுத்திக்கொள்கிறேன், அண்ணி பேனாவுக்காகக் காத்திருக்கிறாள். இன்றைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணன்

நாத்தனாருக்கு, ரெண்டு நாளா காலையிலேருந்து லேத் ஓடுது. மண்டையைப் பிளக்குது தலைவலி. நான் ரொம்ப நல்லா இருக்கேன்.

அண்ணி